சாருக்கா மேடம்?

பைப் புகையிலை சென்னையில் எல்லாக் கடையிலும் கிடைக்காது. நான் வழக்கமாக வாங்கும் கடையில், ஐம்பது கிராம் பொட்டலத்தை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டே கடைக்காரர் கேட்பார்: "சாருக்கா மேடம்?" முதல் தடவை பதில் சொல்லாமல் பணத்தை நீட்டினேன். இரண்டாம் தடவை "எனக்குத்தான்" என்றேன். வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நாலைந்து தடவைக்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். இப்போது "புதுசா செர்ரி வாசனை வந்திருக்கு, ஆனா உங்களுக்குப் பிடிக்காது" என்று சொல்லும் அளவுக்கு வந்திருக்கிறோம். என் ரசனையை இவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருக்கும் ஆண்கள் எனக்கு அதிகம் வாய்த்ததில்லை.

தரமணியில் குடியிருக்கிறேன். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் நடந்து போகும் தூரத்தில் இருப்பதால் வாடகை ஏறினாலும் இந்தப் பகுதியை விட்டுப் போக மனம் வரவில்லை. தமிழ் கற்பிக்கிறேன், கவிதை எழுதுகிறேன். மீர்ஷாம் பைப்புகள் சேர்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவற்றில் ஒன்றில் புகைக்கிறேன். கடைசி இரண்டையும் தவிர மற்றவற்றை மேடையில் என்னை அறிமுகம் செய்பவர்கள் தாராளமாகச் சொல்வார்கள்.

மீர்ஷாம் ஒரு கல். துருக்கியின் எஸ்கிசெஹிர் பகுதியில் பூமிக்கடியிலிருந்து கட்டிகட்டியாக எடுக்கிறார்கள். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்குக் கடல் நுரை என்று பொருள். வேதியியலில் செபியோலைட் என்பார்கள். மக்னீசியமும் சிலிக்காவும் நீரும் சேர்ந்த கனிமம். காய்ந்த துண்டு தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு லேசானது. ஈரமாக இருக்கையில் சோப்பைச் செதுக்குவதுபோலச் செதுக்கலாம். செதுக்கி, உலர்த்தி, பளபளப்பாக்கி, உருக்கிய தேன்மெழுகில் முக்கி எடுப்பார்கள். புதிதாக வாங்கும்போது பால் வெள்ளை. புகைக்கப் புகைக்க அந்தக் கல்லின் நுண்துளைகள் புகையிலையின் சாற்றை உறிஞ்சிக்கொண்டு நிறம் மாறும். முதலில் தந்தம், பிறகு தேன், பிறகு பனங்கற்கண்டு. பல வருடம் கழித்துத்தான் கருப்பட்டி. அவசரப்படுத்த வழியில்லை. சூடாக இருக்கும்போது கிண்ணத்தில் விரல் படக்கூடாது, மெழுகு இளகித் தடம் விழுந்துவிடும். வேகமாக இழுத்தால் நாக்கு வெந்துபோகும். ஒரு கிண்ணத்தை நிதானமாக முடிக்க நாற்பது நிமிடம் ஆகும். அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

என்னிடம் ஆறு இருக்கின்றன. ஒரு பேராசிரியையின் சம்பளத்தில் பன்னிரண்டு வருடத்துக்கு ஆறு என்பது ஊதாரித்தனம் இல்லை. முதலாவது, பழைய வீட்டுச் சாமான்களை ஏலம் விடும் இடத்தில் கிடைத்தது. யாரோ ஒரு வக்கீல் குடும்பத்துச் சொத்து என்றார்கள். பைப்பின் வடிவத்துக்கே வெட்டிய தோல் பெட்டி, உள்ளே கிழிந்துபோன நீல வெல்வெட். கிண்ணம் ஒரு ஐரோப்பியப் பெண்ணின் தலை. தொப்பியின் உச்சியில் புகையிலை திணிக்கும் குழி. தொப்பி இன்னும் வெளுப்பாக இருக்கிறது. முகமும் கழுத்தும் அடர்ந்த பழுப்பு. முன்பின் தெரியாத ஓர் ஆண் பல வருடங்கள் அவள் தலைக்குள் நெருப்பு மூட்டி அந்த நிறத்துக்குக் கொண்டுவந்திருக்கிறான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியன்னாவிலும் புடாபெஸ்டிலும் செதுக்கிய மீர்ஷாம்களைப் படங்களில் பாருங்கள். தலைப்பாகை சுல்தான்கள், திராட்சைக்கொடி சூடிய பாக்கஸ், முட்டையைப் பற்றியிருக்கும் கழுகு நகம், இவற்றுக்கு நடுவே சாய்ந்தும் படுத்தும் கிடக்கும் ஆடையில்லாத பெண்கள். ஆண் உருவங்களுக்கு முகம்தான் பிரதானம், பெண்களுக்குப் பெரும்பாலும் உடம்பு. மெதுவாக நிறமேறும் ஒரு பெண்ணுடம்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்கள் அரசியல் பேசியிருக்கிறார்கள். கைவினை என்ற அளவில் அவை அபாரமானவை. சேகரிப்பவள் என்பதால் நுணுக்கத்தைப் பார்க்கத் தெரியும். ஆனால் அந்த ஏலக்கடைப் பெண்ணில் நான் ஒருநாளும் புகைத்ததில்லை. பஞ்சால் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். நான் புகைப்பது, இஸ்தான்புல் போன தோழி வாங்கிவந்த, முகமோ உருவமோ இல்லாத வழுவழுப்பான பைப்பில். ஒன்பது வருடத்தில் அது பனங்கற்கண்டு நிறத்துக்கு வந்திருக்கிறது.

பைப் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது 'கௌரவம்' படத்தின் பாரிஸ்டர் ரஜினிகாந்த். 1973இல் சிவாஜி அதைப் பிடித்திருந்த விதத்தில் சட்டமும் பணமும் ஆங்கிலமும் ஒன்றாகப் புகைந்தன. அதனால் பைப் என்பது வெள்ளைக்காரனின், பெரிய மனிதனின், ஆணின் பொருள் என்று ஆகிவிட்டது. அகராதியைப் புரட்டினால் அதற்குச் சுங்கான் என்று ஒரு சொல் கிடக்கிறது. வழக்கொழிந்த சொல் என்று சொன்னால் இலங்கை நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். சுருட்டோ இன்னும் நெருக்கம். ஆங்கிலத்தின் 'செரூட்' நம் சுருட்டிலிருந்து போனது. ஷெர்லக் ஹோம்ஸ் 1887இல் தன் முதல் வழக்கிலேயே, சாம்பலைப் பார்த்துத் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார். இப்படி உலகம் சுற்றிய சுருட்டை ஊரில் யார் யார் பிடித்தார்கள் என்று கேட்டால், என் பதில் அம்மாச்சியிடமிருந்துதான் தொடங்கும்.

அம்மாச்சிக்கு வேடசந்தூர்ப் பக்கம். புகையிலைக்கென்று ஆராய்ச்சி நிலையமே வைக்கும் அளவுக்குப் புகையிலை விளைந்த மண். கொல்லையில் கூலிக்குப் போனாள். நுனி கிள்ளினாள், பக்கக் கிளை ஒடித்தாள், பழுத்த இலையைத் தோரணமாகக் கட்டினாள். சாயங்காலம் அடுப்பு மூட்டுவதற்கு முன், வீட்டுப் பின்சுவரில் சாய்ந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு சுருட்டு. அது முடியும்வரை யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். தாத்தாவும்தான். "உங்க அம்மாச்சி சுருட்டு குடிக்கிறா, அப்புறம் வா" என்று பக்கத்து வீட்டுக்காரர்களைத் திருப்பி அனுப்புவார். பூசை நடக்கிறது என்று சொல்வதுபோல. அவர் அவளிடம் வேறு எதற்கும் அப்படி மரியாதை காட்டிப் பார்த்ததாக நினைவில்லை.

அந்தத் தெருவில் அம்மாச்சி மட்டும் இல்லை. உழைத்த சாதிப் பெண்கள், அதிலும் பேரப்பிள்ளை எடுத்தவர்கள், சுருட்டோ பீடியோ பிடிப்பது யாரையும் திரும்பிப் பார்க்கவைக்கவில்லை. மேல்சாதி வீடுகளில் புகை இல்லை, பொடி இருந்தது. டி.ஏ.எஸ். ரத்தினம் பட்டணம் பொடி டப்பாவை இடுப்பில் செருகியிருந்த மாமிகளை மயிலாப்பூரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எல்லாச் சாதியிலும் வெற்றிலைச் செல்லத்தில் ஒரு துண்டு புகையிலை இருந்தது. புகையிலை ஆணுடையது என்ற எண்ணம் பிள்ளைகள் படித்து, நகரத்துக்கு வந்து, குடும்பம் கௌரவமான பிறகு வந்தது. என் அம்மாவுக்கு ஆசிரியர் வேலை கிடைத்ததும் வீட்டில் முதலில் நடந்த மாற்றம், அம்மாச்சியை விருந்தாளிகள் வரும்போது பின்கட்டுக்குப் போகச் சொன்னது.

இலக்கியத்துக்கு வருகிறேன், அது என் தொழில். சங்கப் பாடல்களில் புகையிலை கிடையாது. அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துகீசியர் வழியாகத்தான் வந்தது. கள் உண்டு. அதியமானோடு அமர்ந்து கள் குடித்ததை ஔவையே பாடியிருக்கிறாள், புறநானூற்றில் 235ஆம் பாட்டு. வகுப்பில் நடத்தும்போது மாணவிகள் முதலில் அந்த வரியைக் கடந்து போய்விடுவார்கள். நிறுத்தித் திரும்பப் படிக்கச் சொன்னால்தான் சிரிப்பு எழும். கையில் தடியும் நெற்றியில் நீறுமாக நாம் வரைந்து வைத்திருக்கும் கிழவி, அரசனோடு கள் பகிர்ந்தவள் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி. அவளைக் கிழவியாக்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். வயதான பெண்ணுக்கு மட்டும் சில சலுகைகள் உண்டல்லவா.

புகையிலைக்கும் ஒரு நூல் இருக்கிறது. சீனிச்சர்க்கரைப் புலவரின் 'புகையிலை விடு தூது'. உ.வே.சா. பதிப்பித்தது. பழனி முருகன்மேல் காதல்கொண்ட ஒருத்தி, கிளியையும் மேகத்தையும் விட்டுவிட்டுப் புகையிலையைத் தூது அனுப்புகிறாள். அதில் ஒரு கதை வருகிறது. மும்மூர்த்திகளுக்குள் வழக்கு. சபையார் மூவரிடமும் ஆளுக்கொரு இலையைக் கொடுத்து மறுநாள் கொண்டுவரச் சொல்கிறார்கள். சிவனின் வில்வத்தைக் கங்கை கொண்டுபோய்விட்டது, திருமாலின் துளசியைப் பாற்கடல் கொண்டுபோய்விட்டது. பிரமனின் இலை மட்டும் போகவில்லை. போகையிலை, அதனால் புகையிலை. சிலேடைக்காகக் கட்டிய கதைதான். ஆனால் பிரமனின் இலை எப்படித் தப்பித்தது தெரியுமா? சரசுவதியிடம் கொடுத்து வைத்திருந்தான். அவள் பத்திரமாக வைத்திருந்தாள். அனுப்புகிறவளும் பெண், காப்பாற்றியவளும் பெண். ஆண்கள் அந்த இலையைப் பயன்படுத்தி வழக்கில் ஜெயிக்கிறார்கள்.

இந்த அமைப்பு இன்றைக்கும் மாறவில்லை. திருநெல்வேலிப் பக்கம் வீட்டுத் திண்ணையில் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களைப் பாருங்கள். 1966இலேயே பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று சட்டம் வந்தது. இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. நாள் முழுக்கப் புகையிலைத் தூளை மூச்சில் இழுக்கும் அவர்களில் யாராவது ஒரு பீடியைப் பற்றவைத்தால் ஊர் என்ன சொல்லும்? சுற்றும் கை பெண்ணுடையதாக இருக்கலாம், பிடிக்கும் வாய் கூடாது. ஆந்திரத்தில் விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் கடற்கரை ஊர்ப் பெண்கள் வேறு விதம். எரியும் முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் பிடிக்கிறார்கள். கடற்காற்றில் அணையாது, சாம்பல் உதிராது, மடியில் பிள்ளை இருந்தாலும் பாத்திரம் தேய்த்தாலும் கை வேலை நிற்காது என்று காரணம் சொல்வார்கள். ஓய்வுக்கென்று எடுத்த சுருட்டைக்கூட வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் பிடிக்கக் கற்ற பெண்கள். மேலண்ணத்தில் புற்றுநோய் அவர்களிடையே அதிகம் என்பது மருத்துவர்கள் வெகுகாலமாக எழுதிவரும் விஷயம். நெருப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு குழந்தையைத் தாலாட்டும் அந்தப் பெண்ணை நான் எந்தக் கவிதையிலும் கொண்டுவர முடியாமல் நிற்கிறேன்.

தரமணியில் மென்பொருள் நிறுவனங்களுக்குப் பின்னாலுள்ள டீக்கடைகளில் இப்போது இளம்பெண்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு சிகரெட் பிடிக்கிறார்கள். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைக்கத் தடை இருக்கிறது. அந்தத் தடை இருபாலருக்கும்தான். பக்கத்திலேயே பத்து ஆண்கள் புகைக்கிறார்கள். யாராவது செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தால் அந்தப் பெண்ணைத்தான் பிடிப்பார்கள். அவள் நுரையீரலைப் பற்றிய கவலையாக எனக்கு அது தெரியவில்லை.

அதற்காக அந்தச் சிகரெட்டை விடுதலை என்று கொண்டாடவும் நான் தயாரில்லை. அது ஏற்கெனவே விற்கப்பட்ட சரக்கு. 1929இல் நியூயார்க்கில் ஈஸ்டர் ஊர்வலத்தில் இளம்பெண்களைச் சிகரெட் பிடித்தபடி நடக்கவைத்து, அவற்றைச் சுதந்திரத்தின் தீப்பந்தங்கள் என்று செய்தித்தாள்களில் வரச்செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ். அவருக்குப் பணம் கொடுத்தது ஒரு சிகரெட் கம்பெனி. பெண்ணியத்தை முதலாளி படித்த அளவுக்கு நம் பல்கலைக்கழகங்கள் படிக்கவில்லை என்று சில சமயம் தோன்றும். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மில்லிசென்ட் ஃபென்விக் பைப் புகைத்தவர். சிகரெட்டை விடச் சொன்னார் மருத்துவர், அவர் பைப்பை எடுத்துக்கொண்டார். வேடிக்கையான பாட்டி. ஆனால் மருத்துவக் கணக்கு அவ்வளவு வேடிக்கை இல்லை. பைப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லைதான், ஆனாலும் உதடு, நாக்கு, வாய், தொண்டை எல்லாம் அதற்கு விலை கொடுக்கக்கூடும். வாரம் ஒரு கிண்ணம் என்பதால் ஆபத்து குறையலாம், இல்லாமல் போகாது. இதை மாணவிகளிடம் மறைத்ததில்லை. இங்கேயும் மறைக்கவில்லை.

முன்பு குடியிருந்த வீட்டில் ஒரு சம்பவம். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவேன். மூன்றாவது மாதம் வீட்டுக்காரரின் மனைவி வந்தார். புகையைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று பதில்களைத் தயார் செய்துவைத்திருந்தேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னது இது: "ஞாயித்துக்கிழமை மாடியில தனியா உக்காந்திருக்கீங்களாம். எதிர் வீட்டுல கேக்குறாங்க. துணி காயப்போடுற மாதிரி, செடிக்குத் தண்ணி ஊத்துற மாதிரின்னா பரவால்ல. சும்மாவே உக்காந்திருக்கீங்களாமே?" பைப்பை அவர்கள் கவனிக்கவே இல்லை. கண்ணை உறுத்தியது, கையில் வேலை இல்லாமல், யாருக்காகவும் காத்திராமல், நாற்பது நிமிடம் ஒரு பெண் உட்கார்ந்திருந்த காட்சி. எதிர்வீட்டு மாடியில் ஒருவர் தினமும் சாயங்காலம் லுங்கியோடு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாவுவார். அவரைப் பற்றி யாரும் வாடகைக்காரர்களிடம் விசாரித்திருக்க மாட்டார்கள்.

அன்றிலிருந்துதான் அம்மாச்சியின் சுருட்டை வேறு விதமாக யோசிக்க ஆரம்பித்தேன். அவளுக்குப் புகை பிடித்திருந்தது, உண்மை. பழக்கம் விடவில்லை, அதுவும் உண்மை. ஆனால் அந்தச் சுருட்டு இல்லாமல் பின்சுவரில் சாய்ந்து அவளால் கால்மணி நேரம் உட்கார்ந்திருக்க முடியுமா? "சும்மாதானே இருக்க, அந்த மாட்டை மாத்திக் கட்டு" என்று ஒரு குரல் வந்திருக்கும். சுருட்டு அவளுக்கு ஒரு சாக்கு, வீடு மொத்தமும் ஒப்புக்கொண்ட சாக்கு. உட்கார்வதற்கு அனுமதிச் சீட்டாக ஒரு விஷ இலையைப் பற்றவைக்க வேண்டியிருந்தது அவளுக்கு.

அவளை 1994இல் அடையாறுக்குக் கொண்டுவந்தோம். எங்கள் ஊர்களில் 'அடையாறு' என்றால் இடம் இல்லை, நோய். "அவங்களை அடையாறுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்களாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் எல்லாம் சொன்னதாகிவிடும். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, பெண்கள் சங்கத்தின் உழைப்போடு 1954இல் தொடங்கிய மருத்துவமனை. அம்மாச்சிக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புண். சுருட்டா, வெற்றிலையோடு அதக்கிய புகையிலையா என்று பிரித்துச் சொல்ல யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. அம்மா பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு எட்டு மாதம் கூட இருந்தாள். கஞ்சியைத் துணியில் வடிகட்டி ஊட்டினாள். நாற்றத்தைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. கடைசி வாரங்களில் அம்மாச்சி விரல்களால் சுருட்டுப் பிடிப்பதுபோலச் சைகை காட்டுவாளாம். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாளாம்.

அதனால் என் பைப் அம்மாவுக்குத் தெரிந்தபோது நான் எதிர்பார்த்தது கோபம். அவள் அழவுமில்லை, திட்டவுமில்லை. ஏலக்கடைப் பெண்ணின் தலையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லா செதுக்கியிருக்கான்" என்றாள். பிறகு கேட்டாள்: "உனக்கு உக்காரணும்னா உக்காரு. அதுக்கு எதுக்குடி புகை?"

பெண்ணியக் கூட்டங்களில் என்னிடம் பல கேள்விகள் கேட்டிருக்கிறார்கள், இதைப்போல ஒன்று வந்ததில்லை. சுவை என்று சொல்லலாம், பொய் இல்லை. கல் நிறம் மாறுவதைப் பார்க்கும் ஆசை என்றும் சொல்லலாம். ஆனால் வெறுங்கையோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஏழாவது நிமிடத்தில் விடைத்தாள் கட்டு நினைவுக்கு வரும், பத்தாவது நிமிடத்தில் எழுந்துவிடுவேன். முனைவர் பட்டமும் சொந்தச் சம்பளமும் இருக்கிற எனக்கே இப்படி.

இந்த வருடம் அம்மா கோடை முழுவதும் என்னோடு இருந்தாள். எழுபத்து மூன்று வயது. ஞாயிற்றுக்கிழமை மாடிக்குத் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, காற்று வரும் திசையைப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். "நீ அந்தப் பக்கம் திரும்பி ஊது" என்றாள். கையில் பூவோ கீரையோ எதுவும் எடுத்துவரவில்லை. பறக்கும் ரயில் இரண்டு முறை போனது. நடுவில் அவள் செல்போன் அடித்தது. தம்பி வீட்டிலிருந்து, புளி எங்கே இருக்கிறது என்று கேட்கத்தான் இருக்கும். பெயரைப் பார்த்துவிட்டு மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். அது அடித்து அடித்து ஓய்ந்தது.